பிரவுசர் திரையிலிருந்து சர்வரின் ஜாவா மெத்தட்டை அழைப்பது எப்படி

சர்வரில் ‘முன்பதிவு சர்வீஸ்’ என்று ஒரு ஜாவா கிளாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலி இருக்கைகளைத் தேட ஒரு மெத்தட், பதிவு செய்ய ஒன்று, ரத்து செய்ய ஒன்று. யூனிட் டெஸ்டில் மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றன. ரியாக்ட்டிலோ ஆங்குலரிலோ எழுதிய திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த மெத்தட் ஓட வேண்டும், அதுதான் வேலை. பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் கோளாறுகளில் பெரும்பாலானவை திரையிலும் இருக்காது, சர்வீஸிலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், தரவு வடிவம் மாறும் இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஃபிளாஷ் பிளேயரில் ஓடும் திரைகளை ஃபிளெக்ஸில் எழுதிய காலத்தில், அதை ஜாவாவோடு இணைக்கும் பிளேஸ்டிஎஸ் வழியாக, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் ஜாவா கிளாஸின் பெயரை எழுதிவிட்டால் போதும், ரிமோட் ஆப்ஜெக்ட் அதை நேராகவே கூப்பிட்டுவிடும். திரையையும் ஜாவாவிலேயே எழுத வைத்த கூகுளின் ஜிடபிள்யூடி ஆர்பிசியும் ஏறக்குறைய அப்படித்தான். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு நின்றது. ஃபிளெக்ஸ் முறையும் அதோடு போயிற்று. போனதில் ஒரு நன்மையும் உண்டு. கிளாஸையே நேராகத் திறந்து வைத்ததால், சர்வருக்குள் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் திரை உடைந்தது. இன்றைய வழி எச்டிடிபி மேல் ஜேசன், அதாவது பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரை வடிவம். இதில் வாசலை நாமே கட்ட வேண்டும். ஆகவே எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பதும் நம் கையில்தான்.

கீழே சொல்பவை ஜாவா 17 அல்லது அதற்கு மேல், ஸ்பிரிங் பூட் (ஜாவா வெப் ஃபிரேம்வொர்க்) 3 வரிசை, ஜாக்சன் (ஜாவா பொருளை ஜேசனாகவும் திருப்பியும் மாற்றும் நூலகம்) 2 ஆகியவற்றுக்கு. திரைப் பக்கம் எந்த ஃபிரேம்வொர்க் ஆனாலும், கோரிக்கை அனுப்பும் பிரவுசர் ஃபங்ஷனான ஃபெட்ச் இருந்தால் போதும்.

வாசலைக் கட்டுதல்

1. சர்வீஸ் கிளாஸைத் தொடாதீர்கள். அதற்கு முன்னால் மெல்லிய கண்ட்ரோலர் கிளாஸ் ஒன்றை எழுதி, ரெஸ்ட்கண்ட்ரோலர் அனோட்டேஷன் (@ போட்டு எழுதும் குறிப்பு) போடுங்கள். கோரிக்கையை வாங்குவது, சர்வீஸைக் கூப்பிடுவது, பதிலை வடிவம் மாற்றித் தருவது, இந்த மூன்றைத் தவிர அதில் வேறெதுவும் இருக்கக் கூடாது. டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனின் இடம் சர்வீஸ், கண்ட்ரோலர் அல்ல.

2. உள்ளே வருவதற்கு ஒரு ரெகார்ட் (தரவை மட்டும் தாங்கும் ஜாவா கிளாஸ்), வெளியே போவதற்கு இன்னொரு ரெகார்ட் எழுதுங்கள். தரவுத்தள என்டிட்டியை (அட்டவணையின் வரிசையைத் தாங்கும் பொருளை) அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள். காரணம் சொல்ல மூன்று இருக்கிறது. காட்சி (ஷோ) என்டிட்டியும் இருக்கை என்டிட்டியும் ஒன்றையொன்று சுட்டினால், ஜேசன் ஆக்கும்போது ஜாக்சன் சுற்றிச் சுற்றி வந்து முடிவில்லாச் சுழலில் மாட்டும். ஹைபர்நேட் என்ற தரவுத்தள நூலகத்தில் லேசியாக (தொடும்போது மட்டும் ஏற்றும்படி) வைத்த பட்டியல், அதன் தரவுத்தள செஷன் மூடிய பின் தொடப்பட்டால் லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் வரும். ஸ்பிரிங் பூட்டில், கோரிக்கை முடியும் வரை செஷனைத் திறந்தே வைக்கும் ‘ஓப்பன் இன் வியூ’ இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால் இது பல மாதம் வெளியே தெரியாது. யாராவது அதை அணைக்கும் நாளில்தான் வெடிக்கும். மூன்றாவது, கடவுச்சொல் ஹாஷ் போன்ற ஃபீல்டுகள் யாரும் கேட்காமலே பிரவுசருக்குப் போய்ச் சேரும்.

3. உள்ளே வரும் பொருளுக்கு ரிக்வஸ்ட்பாடி அனோட்டேஷன் போடுங்கள். இதே பெயரில் ஓப்பன் ஏபிஐ ஆவணத்துக்கான ஸ்வாக்கர் நூலகத்திலும் ஒன்று உண்டு. ஐடிஇ பரிந்துரைத்ததைப் பார்க்காமல் இம்போர்ட் செய்தால், பிழை ஏதும் வராது. ஃபீல்டுகள் மட்டும் காலியாக வந்து நிற்கும். இம்போர்ட் வரியை ஒரு முறை கண்ணால் பாருங்கள்.

4. சரிபார்ப்புக்கு வேலிட் அனோட்டேஷன் போடுவதோடு, வேலிடேஷன் ஸ்டார்ட்டரைச் சார்புப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். ஸ்பிரிங் பூட் 2.3-இலிருந்து அது வெப் ஸ்டார்ட்டரோடு கூடவே வருவதில்லை. விதிகளைச் செயல்படுத்தும் நூலகம் இல்லாவிட்டால், எழுதிய விதிகள் எல்லாம் வெறும் அலங்காரம்.

5. பாதைகள் எல்லாவற்றையும் ‘/ஏபிஐ/’ மாதிரி ஒரே முன்னொட்டில் வையுங்கள். பின்னால் ப்ராக்ஸி (கோரிக்கையை வேறு சர்வருக்குத் திருப்பிவிடும் இடைநிலை) அமைக்கும்போது இதன் அருமை தெரியும்.

பாதையில் வரும் மாறிக்குப் பெயர் கொடுக்காமல் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் 6.1 முதல், கம்பைலருக்கு ‘பாராமீட்டர்ஸ்’ கொடி கொடுக்காவிட்டால் ஆர்குமென்ட்டின் பெயரை அது கண்டுபிடிக்காது. ஸ்பிரிங் பூட்டின் மேவன் பேரன்ட் அல்லது கிரேடில் பிளக்இன் வழியாகக் கட்டினால் அந்தக் கொடி தானாக வந்துவிடும். சொந்தப் பேரன்ட் வைத்திருக்கும் பழைய புராஜெக்ட்டுகள்தான் பதிப்பு உயர்த்திய அன்று திணறுகின்றன. அனோட்டேஷனுக்குள் பெயரை எழுதிவிடுவது எங்கும் பாதுகாப்பு.

எத்தனை மெத்தட்டைத் திறப்பது என்பதிலும் நிதானம் தேவை. நாற்பது இருக்கைகளின் நிலையை அறிய நாற்பது அழைப்பு விடும் திரையைச் சாதாரணமாகவே பார்க்கலாம். ஜாவாவுக்குள் ஒரு கெட்டரைக் கூப்பிட ஆகும் நேரம் கணக்கிலேயே வராது. நெட்வொர்க்கில் ஒவ்வொன்றும் ஒரு பயணம். எச்டிடிபி 1.1-இல் ஒரு சர்வருக்குப் பிரவுசர் ஒரே நேரத்தில் பொதுவாக 6 இணைப்புதான் திறக்கும், மீதி வரிசையில் நிற்கும். திரைக்கு என்ன வேண்டுமோ அதை ஒரே பதிலில் கொடுங்கள்.

வடிவம் மாறும்போது வழுக்கும் இடங்கள்

ஜாவாவின் லாங் 64 பிட். ஜாவாஸ்கிரிப்ட் எண் பிழையின்றித் தாங்கும் முழு எண்ணின் எல்லை 9007199254740991. அதற்கு மேல் போனால் சத்தமில்லாமல் மாறும்: சர்வர் 9007199254740993 என்று அனுப்பினால் திரையில் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். ஒன்று, இரண்டு என்று ஏறும் ஐடியில் இது வரவே வராது. ஸ்னோஃபிளேக் வகையில் உருவாக்கிய நீண்ட ஐடி என்றால் முதல் நாளே வரும், அதுவும் ‘அப்படி ஒரு பதிவே இல்லை’ என்ற 404 வேடத்தில். தீர்வு, ஐடியைச் சரமாக அனுப்புவது. அந்த ஃபீல்டுக்கு ஜேசன்ஃபார்மேட் போட்டு வடிவம் ஸ்டிரிங் என்று குறித்தால் போதும்.

பணத்தொகைக்கும் அதே வைத்தியம்தான். பிக்டெசிமலை எண்ணாக அனுப்பினால் 100.00 என்பது 100 ஆகும். திரையில் கூட்டினால் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகும். சரமாக அனுப்புங்கள். கூட்டல் கழித்தலைச் சர்வரே செய்யட்டும், திரை காட்டினால் போதும்.

தேதியில் விழாதவர்கள் குறைவு. லோக்கல்டேட்டை ஜாக்சன் தன் இயல்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களின் அடுக்காக எழுதும். ஸ்பிரிங் பூட் அதை அணைத்து 2025-03-01 என்ற சரமாக்கித் தருகிறது. ஆனால் நீங்களே ஒரு புது ஆப்ஜெக்ட்மேப்பர் (ஜாக்சனில் மாற்றும் வேலையைச் செய்யும் பொருள்) உருவாக்கி, பீனாக (ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருளாக) பதிவு செய்தால், ஸ்பிரிங் பூட்டின் அமைப்புகள் எல்லாம் கழன்றுகொள்ளும். அடுக்கு திரும்பி வரும், அல்லது ஜாவா டைம் மாட்யூல் இல்லை என்று பிழை வரும். மாற்றம் தேவையென்றால் புது மேப்பர் உருவாக்காமல், கஸ்டமைசர் பீனை மட்டும் எழுதுங்கள்.

திரைப் பக்கம் இன்னொரு குழி. 2025-03-01 என்ற சரத்தை ஜாவாஸ்கிரிப்ட் டேட்டிடம் கொடுத்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர் திரையில் பிப்ரவரி 28 தெரியும். கிழக்கே இருப்பவருக்கு எதிர்த்திசையில் அடி: மார்ச் 1 என்று தேர்ந்தெடுத்ததை டூஐஎஸ்ஓஸ்டிரிங் கொண்டு அனுப்பினால், உள்ளூர் நள்ளிரவு யுடிசிக்கு மாறி, சர்வருக்குப் பிப்ரவரி 28 என்றே போய்ச் சேரும். விதி எளிது. நேரம் இல்லாத தேதியை ஜாவாவில் லோக்கல்டேட், திரையில் வெறும் சரம் என்று வையுங்கள், டேட் பொருளாக ஆக்கவே வேண்டாம். ஒரு குறிப்பிட்ட கணம் என்றால் ஜாவாவில் இன்ஸ்டன்ட், நெட்வொர்க்கில் இறுதியில் இசட் எழுத்துள்ள சரம்.

சாதாரண கிளாஸில் ‘இஸ்புக்டு’ என்ற பூலியனுக்கு அதே பெயரில் கெட்டர் இருந்தால், ஜேசனில் ‘இஸ்’ உதிர்ந்து ‘புக்டு’ மட்டும் போகும். திரை பழைய பெயரைத் தேடும், கிடைக்காது, எல்லா இருக்கையும் காலி என்று காட்டும். பெயரில் ‘இஸ்’ வைக்காமல் இருப்பதே நிம்மதி.

எதிர்ப்பக்கம் பெயர் தவறினாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாத ஃபீல்டு வந்தால் தடுக்கும் விதியை ஸ்பிரிங் பூட் அணைத்தே வைத்திருக்கிறது. திரை ஒரு எழுத்தைப் பிழையாக அனுப்பினால் சர்வர் அதை உதறிவிட்டு அந்த ஃபீல்டை வெறுமையாக விட்டுவிடும். அது இன்ட் போன்ற அடிப்படை வகை என்றால் 0 ஆகும். பூஜ்யம் உண்மையான மதிப்பா, வராததா என்று பிறகு பிரித்தறிய முடியாது. ஆகவே உள்ளே வரும் ரெகார்டில் இன்ட்டுக்குப் பதில் இன்டிஜர் வைத்து, நாட்நல் விதி போடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்திலும் இதற்கு ஒரு கூட்டாளி உண்டு: மதிப்பில்லாத அன்டிஃபைண்டு ஃபீல்டை ஜேசன் ஸ்டிரிங்கிஃபை வெட்டியே எறிந்துவிடும்.

திரையிலிருந்து அழைப்பு

எல்லா அழைப்பும் ஒரே உதவி ஃபங்ஷன் வழியாகப் போகட்டும். திரைக்குத் திரை ஃபெட்ச் எழுதினால் கீழே வரும் ஒவ்வொன்றையும் இருபது இடத்தில் மறப்பீர்கள்.

அந்த ஃபங்ஷன் செய்ய வேண்டியவை: உடலை ஜேசன் சரமாக்குவது, கன்டென்ட்-டைப் ஹெடரில் அப்ளிகேஷன்/ஜேசன் என்று குறிப்பது, பதிலின் ‘ஓகே’ பண்பைச் சோதிப்பது, நேரவரம்பு வைப்பது. ஹெடரை விட்டால் ஃபெட்ச் அந்தச் சரத்தைச் சாதாரண உரை என்று அறிவிக்கும், சர்வர் ‘இந்த வகை ஏற்கப்படாது’ என்ற 415 தரும். ‘ஓகே’ சோதனையை விட்டால் இன்னும் மோசம்: 404 வந்தாலும் 500 வந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. நெட்வொர்க் அறுவது, கோரிக்கை பாதியில் நிறுத்தப்படுவது போன்ற நேரங்களில்தான் கேட்ச் பகுதிக்குப் போகும். 204 பதிலில் உடலே இருக்காது என்பதால், அதை ஜேசனாகப் படிக்கப் போனால் அங்கும் பிழை.

நேரவரம்புக்கு அபார்ட்சிக்னலின் டைம்அவுட் இருக்கிறது. தேடலுக்கு 10 விநாடி வைத்துத் தொடங்கலாம். தட்டச்சு செய்யச் செய்யத் தேடும் பெட்டியில், புது எழுத்து விழுந்ததும் முந்தைய கோரிக்கையை அபார்ட்கண்ட்ரோலரால் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் முந்திப் போன கேள்வியின் பதில் பிந்தி வந்து புதியதன் மேல் உட்காரும். ஒன்றை மறக்கக் கூடாது: திரையில் நிறுத்தினால் சர்வரில் நிற்காது. ஓடத் தொடங்கிய ஜாவா மெத்தட், கேட்க ஆளில்லாவிட்டாலும் பொதுவாக முடிவு வரை ஓடிவிடும்.

தேடலுக்கு இதனால் நஷ்டமில்லை. பதிவுக்கு நிறைய நஷ்டம். பயனர் அழுத்துகிறார், சர்வர் இருக்கையைப் பதிவு செய்கிறது, பதில் வரும் வழியில் இணைப்பு அறுகிறது, திரை ‘தோல்வி’ என்கிறது, அவர் மறுபடி அழுத்துகிறார். இதற்கு, படிவம் திறக்கும்போதே திரை ஒரு யுயுஐடி (வேறெதிலும் திரும்ப வராத அடையாள எண்) உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியிலும் அதையே அனுப்ப வேண்டும். சர்வர் அதைப் பதிவு அட்டவணையில் யுனிக் கட்டுப்பாடுள்ள நெடுவரிசையில் எழுதும். இரண்டாம் முறை அதே எண் வந்தால் கட்டுப்பாடு தடுக்கும். பழைய பதிவைத் தேடி அதையே பதிலாகத் தர வேண்டும். அந்தத் தேடலை முறிந்த டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே செய்யாதீர்கள், புதிதாக ஒன்று தொடங்கிச் செய்யுங்கள். ‘முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம்’ என்பது போதாது, பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் இன்னொரு கோரிக்கை நுழையும். காட்சி, இருக்கை இரண்டும் சேர்ந்த யுனிக் கட்டுப்பாடும் இதே காரணத்துக்காகத் தேவை. அது உடைந்தால் மோதல் என்று பொருள்படும் 409 அனுப்புங்கள். யுயுஐடி தரும் பிரவுசர் ஃபங்ஷன் எச்டிடிபிஎஸ் பக்கத்திலும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் மட்டுமே கிடைக்கும். வெறும் எச்டிடிபியில் ஐபி முகவரி போட்டுச் சோதித்தால் ‘அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை’ என்று வருவது அதனால்தான்.

சர்வர் பக்கத்தில் இதையொட்டி ஒரு எச்சரிக்கை. சர்வீஸும் கண்ட்ரோலரும் இயல்பில் சிங்கிள்டன். எல்லாப் பயனருக்கும் ஒரே பொருள்தான், பல திரெட் ஒரே சமயம் உள்ளே இருக்கும். ‘தற்போதைய பயனர்’ என்று கிளாஸ் ஃபீல்டில் ஒன்றை வைத்தால், ஒருவர் பதிவு இன்னொருவர் பெயரில் விழும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது பிடிபடாது.

வேறு போர்ட்டில் ஓடும் திரை

திரை ‘வீட்’ (Vite) என்ற டெவலப்மென்ட் சர்வரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5173-இலும் ஜாவா 8080-இலும் நிற்கும். போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஒரிஜின் (நெறிமுறை, டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த முகவரி). ஜேசன் அனுப்பும் போஸ்ட் கோரிக்கைக்கு முன் பிரவுசர் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பி அனுமதி கேட்கும்.

இதைத் தவிர்ப்பதே நல்லது. ‘வீட்’ சர்வரின் அமைப்புக் கோப்பில், ஏபிஐ முன்னொட்டுள்ள பாதைகளை 8080-க்குத் திருப்பும் ப்ராக்ஸி வரியைச் சேர்த்தால், பிரவுசர் கண்ணுக்கு எல்லாம் ஒரே இடம். பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் சூழலில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதே வேலையைச் செய்யும். இரண்டு இடத்திலும் ஒரே ஒரிஜின் என்றால் கோர்ஸ் (வேறு ஒரிஜினை அழைக்கப் பிரவுசர் அனுமதி கேட்கும் முறை) என்ற தலைவலியே இல்லை.

உண்மையிலேயே இரண்டு டொமைன் என்றால் கோர்ஸ் அமைக்கத்தான் வேண்டும். குக்கி அனுப்ப அனுமதித்துவிட்டு, அனுமதித்த ஒரிஜின் பட்டியலில் நட்சத்திரக் குறி போட முடியாது, ஸ்பிரிங்கே எக்செப்ஷன் எறியும். ஒரிஜினை முழுதாக எழுதுங்கள், கடைசியில் சாய்கோடு வேண்டாம். ஸ்பிரிங் செக்யூரிட்டி இருந்தால் அதன் வடிகட்டிச் சங்கிலியிலும் கோர்ஸை இயக்குங்கள். இல்லையேல் குக்கி இல்லாமல் வரும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையை அது 401 சொல்லித் திருப்பும். பிரவுசரோ கோர்ஸ் பிழை என்று மட்டும் சொல்லும், நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். திரைப் பக்கம் ஃபெட்ச்சின் கிரெடென்ஷியல்ஸ் மதிப்பு ‘இன்க்ளூட்’ ஆக இருக்க வேண்டும்.

கெட் கோரிக்கை எல்லாம் ஓடுகிறது, போஸ்ட் மட்டும் 403 என்றால் அது சிஎஸ்ஆர்எஃப், அதாவது வேறு தளம் பயனரின் குக்கியைக் கொண்டு போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு. குக்கியில் உள்நுழைவு வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பை அணைக்காதீர்கள். குக்கிசிஎஸ்ஆர்எஃப்டோக்கன்ரெப்பாசிட்டரியை, ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக்கூடிய வகையில் அமைத்து, திரை அந்தக் குக்கியின் மதிப்பை ஹெடரில் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டி 6-இல் டோக்கன் தேவைப்படும்போதுதான் உருவாகும். ஆகவே முதல் போஸ்ட்டுக்கு முன் குக்கி இல்லாமல் போகலாம். அதைக் கட்டாயமாக எழுத வைக்கும் சிறு வடிகட்டி ஒன்று தேவைப்படும். அதே பதிப்பில் டோக்கனை மறைத்துச் சுற்றும் ஹேண்ட்லர் இயல்பாக இருப்பதால், குக்கியின் வெறும் மதிப்பு ஒத்துப்போகாது. ஹெடர் வழி வருவதற்குச் சாதாரண ஹேண்ட்லரைப் பயன்படுத்த வேண்டும்.

பிழையைத் திரைக்குச் சொல்வது

எக்செப்ஷனை அப்படியே வெளியே விட்டால் திரைக்குக் கிடைப்பது 500 மட்டும். கண்ட்ரோலர்அட்வைஸ் கிளாஸ் ஒன்றில், துறைசார் எக்செப்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை எண் ஒதுக்கி, ஸ்பிரிங் 6-இல் வந்த பிராப்ளம்டீட்டெயில் என்ற பிழைப் பொருளைத் திருப்பி அனுப்புங்கள். அதில் நிலையான ஒரு குறியீட்டு ஃபீல்டையும் சேர்த்து, திரை அதைப் பார்த்தே முடிவெடுக்கட்டும். செய்தி வாக்கியத்தை ஒப்பிட்டு இஃப் எழுதினால், யாரோ எழுத்துப் பிழை திருத்திய நாளில் திரை உடையும். ஜாவாவில் இன்னொரு பழைய பொறி: செக்டு எக்செப்ஷன் (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) எறிந்தால் டிரான்சாக்‌ஷன் இயல்பில் ரோல்பேக் ஆகாது. திரைக்குப் பிழை போகும், தரவுத்தளத்தில் பாதி வேலை நிற்கும்.

நீண்ட வேலைகள்

அறிக்கை தயாரிப்பது போல ஒரு நிமிடம் தாண்டும் வேலையை ஒரே கோரிக்கையில் காத்திருக்க வைக்க வேண்டாம். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பதிலில்லை என்றால் 504 தரும். ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் டோம்கேட் வெப் சர்வரில் இயல்பாக 200 திரெட், ஹிகாரி என்ற இணைப்புக் குளத்தில் 10 தரவுத்தள இணைப்பு. பத்துப் பேர் ஒன்றாக அறிக்கை கேட்டு ஒவ்வொருவரும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் முன்பதிவே நிற்கும். உடனே ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற 202-உம் வேலை எண்ணும் தந்துவிட்டு, திரை சில விநாடிக்கொரு முறை நிலையைக் கேட்கட்டும். எஸ்எஸ்இ (சர்வரே திரைக்குச் செய்தி தள்ளும் முறை) வைக்க விரும்பினால், அதைப் பெறும் ஈவென்ட்சோர்ஸில் சொந்த ஹெடர் சேர்க்க முடியாது என்பதையும், என்ஜின்எக்ஸ் பஃபரிங்கை அணைக்காவிட்டால் செய்திகள் தேங்கி மொத்தமாக வரும் என்பதையும் முன்பே கணக்கில் வையுங்கள்.

ஓடாதபோது எங்கே பார்ப்பது

முதலில் பிரவுசரின் நெட்வொர்க் பலகை, பிறகு சர்வர் லாக். கன்சோல் செய்தியை நம்பி ஆரம்பிக்காதீர்கள். 400 என்றால் ஜேசன் வடிவம், தேதி அல்லது enum (குறித்த சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) மதிப்பு. சர்வர் லாக்கில் ஜாக்சன் எந்த ஃபீல்டு என்று சொல்லியிருக்கும். 404 என்றால் பாதையின் கடைசிச் சாய்கோட்டைப் பாருங்கள், ஸ்பிரிங் 6 முதல் சாய்கோடு உள்ளதும் இல்லாததும் வேறு வேறு. 405 என்றால் பாதை சரி, போஸ்ட்டுக்குப் பதில் கெட் போயிருக்கிறது. 413 பெரும்பாலும் என்ஜின்எக்ஸின் 1 எம்பி வரம்பு. ஜாவா வரை கோரிக்கை வந்தே இருக்காது. நிலை எண் 200, ஆனால் ஜேசன் படிக்கும்போது ‘எதிர்பாராத <’ என்று பிழை வந்தால், வந்தது எச்டிஎம்எல். ஏபிஐ பாதை தவறி, எல்லாவற்றுக்கும் முகப்புப் பக்கத்தைத் தரும் விதியில் விழுந்திருக்கிறது, அல்லது செஷன் முடிந்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. பின்னதற்கு, ஏபிஐ பாதைகளில் திருப்பிவிடாமல் 401 தரும்படி ஸ்பிரிங் செக்யூரிட்டியின் என்ட்ரி பாயின்ட்டை மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால், நெட்வொர்க் பலகையில் அந்தக் கோரிக்கையை ‘கர்ல்’ கட்டளையாக நகலெடுத்து டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கே ஓடி பிரவுசரில் ஓடவில்லை என்றால் பிரச்சினை கோர்ஸ் அல்லது குக்கி. அங்கேயும் ஓடவில்லை என்றால் அதே கட்டளையை என்ஜின்எக்ஸைத் தாண்டி நேராக 8080-க்கு விட்டுப் பாருங்கள். நேரே போனால் ஓடுகிறது என்றால் கோளாறு ப்ராக்ஸியில், இல்லையேல் ஜாவாவில்.